பாரிஸ் ஷோவும் அப்பாவோட கட்டிங் டேபிளும்

2024 ஜனவரி 25 தைப்பூசம். நாங்க எல்லாரும் திருவிடைமருதூர் கோயிலுக்கு போய் கூட்டத்துல நின்னு சாமி பாத்துட்டு வந்து அசந்து தூங்கிட்டோம். அன்னிக்கு ராத்திரி தான் பாரிஸ்ல சேன் ஆத்துப் பாலம் ஒண்ணுக்கு அடியில ஜான் கலியானோன்னு ஒரு டிசைனர், மேசோன் மார்ஜியெலாங்குற ஃபேஷன் கம்பெனிக்காக அந்த ஃபேஷன் ஷோவ நடத்தியிருக்காரு. நான் மறுநாள் ராத்திரி தான் பாத்தேன், ஆடுதுறை கடைத்தெருவுல அப்பாவோட தையல் கடையில உக்காந்து. அப்பா ஒரு சட்டைக்கு காஜா எடுத்துட்டு இருந்தாரு, நான் போனை மெஷின் மேல சாய்ச்சு வச்சிருந்தேன். கண்ணாடி ஊத்தி காயவச்ச மாதிரி பளபளன்னு முகம், பீங்கான் பொம்மைக்கு உசுரு வந்தா எப்படி நடக்குமோ அப்படி ஒடிஞ்சு ஒடிஞ்சு நடக்குற மாடல்கள், மூச்சு விட எடமே இல்லாத மாதிரி இடுப்ப இறுக்கி கட்டின கார்செட் கச்சை.

அப்பா ஊசிய நிறுத்திட்டு எட்டிப் பாத்தாரு. "பாப்பா, அத கொஞ்சம் நிறுத்து"ன்னாரு. நிறுத்தினேன். கண்ணாடிய மூக்கு மேல தள்ளிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு சொன்னாரு, "இடுப்ப மட்டும் இறுக்கல, கீழ பேட் வச்சு அகலப்படுத்தியிருக்காங்க, இடுப்பு சின்னதா தெரியறதுல பாதி வேலை அந்த பேட் பண்ணுது."

அந்த ஷோவுக்கு என் நோட்டுல மூணு பக்கம் எழுதியிருக்கேன். முதல் வரி அப்பா சொன்னது.

நோட்டுன்னா கடைக்கு அளவு எழுத வாங்குற நீள நோட்டு தான், அதுல ஒண்ண நான் எடுத்துக்கிட்டேன், 2020ல. அப்ப நான் பிளஸ் டூ முடிச்சுட்டு வீட்டுல இருக்கேன், ஊரடங்கு, கடை மூடி கெடக்கு, கல்யாணம் இல்ல திருவிழா இல்ல ஸ்கூல் யூனிபார்ம் இல்ல, அப்பாவுக்கு வேலையே இல்ல. அந்த வருஷம் மேட்டூர் அணைய பல வருஷம் கழிச்சு சரியா ஜூன் 12ல திறந்தாங்க, அது ஒண்ணு தான் ஊர்ல நல்ல சேதி, ஜூலைல சுத்தி எங்க பாத்தாலும் குறுவை பச்சை. அந்த ஜூலைல தான் ஜாக்மூஸ்னு ஒரு பிரெஞ்சு டிசைனரோட ஷோ வீடியோ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. பாரிஸுக்கு வெளிய ஒரு கோதுமை வயல், நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போற மரப்பலகை பாதை, அதுல வரிசையா ஆளுங்க நடந்து வராங்க, காத்துல துணி பறக்குது. எனக்கு அது வரப்பு மேல நடக்குற மாதிரியே இருந்துச்சு. அந்த டிசைனரோட குடும்பமே தெற்கு பிரான்ஸ்ல விவசாயக் குடும்பம்னு அப்புறம் தான் படிச்சேன். வயல்ல நடந்து வந்தா கூட ஒரு சட்டை இவ்வளவு அழகா இருக்கலாமான்னு அன்னிக்கு தோணுச்சு, அந்த நெனப்பு இன்னும் போகல.

முதல் ஒரு வருஷம் நோட்டுல நான் எழுதினது எல்லாம் "சூப்பர்", "கலர் நல்லா இருக்கு", "இது வேண்டாம்" மாதிரி தான். பிடிக்குது பிடிக்கலன்னு சொல்றது ஒரு ஆரம்பம், ஆனா அது ரிவ்யூ இல்ல. வாஷிங்டன் போஸ்ட்னு அமெரிக்க பத்திரிகைல எழுதின ராபின் கிவான் 2006ல விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு வாங்கினாங்க, ஃபேஷன் எழுதி அந்த பரிசு வாங்கின முதல் ஆளு அவங்க தான். அவங்க எழுதினத படிச்சப்ப தான் தெரிஞ்சுது, ஒருத்தர் போட்டிருக்குற கோட்ட வச்சு அவரு எந்த எடத்துல நிக்கிறாரு, யாருக்கு மரியாதை குடுக்குறாரு, எத மறைக்குறாருன்னு வரைக்கும் எழுதலாம்னு. துணிய இவ்வளவு உன்னிப்பா படிக்கலாம்னா நானும் அப்படி படிக்கணும்னு ஒரு வெறி வந்துச்சு.

இப்ப நான் ஒரு ஷோவ மூணு தடவை பாக்குறேன். முதல் தடவை சத்தத்த நிறுத்திட்டு, ஏன்னா பாட்டு நல்லா இருந்தா துணியும் நல்லா இருக்குற மாதிரி மனசு ஏமாந்துடும். ரெண்டாவது சத்தத்தோட. மூணாவது தடவை நிறுத்தி நிறுத்தி, காலு எடுத்து வைக்கிறப்ப துணி எங்க இழுக்குது, முழங்கால் மடங்குறப்ப என்ன ஆவுது, திரும்பி போறப்ப முதுகு எப்படி இருக்கு. முதுகு ரொம்ப முக்கியம். முன்பக்கம் போட்டோவுக்காக எல்லாரும் பாத்து பாத்து பண்ணுவாங்க, முதுகுல தான் தைச்சவன் கை தெரியும்னு அப்பா சொல்லுவாரு. ஒரு ஷோ மொத்தமே பத்து பதினஞ்சு நிமிஷம் தான், நான் அத பாக்க ரெண்டு மணி நேரம் எடுப்பேன்.

வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே கேள்வி தான் கேப்பாங்க, "இதயெல்லாம் யாரு போட்டுக்கிட்டு போவா?" இந்த கேள்விய நான் மதிக்கிறேன், ஏன்னா அதுல ஒரு நியாயம் இருக்கு, துணின்னா போடறதுக்கு தான். ஆனா ஜப்பான் டிசைனர் ரெய் கவாகுபோ 1997 வசந்த காலத்துக்காக பண்ண கலெக்‌ஷன எடுத்துக்கோங்க, அவங்களோட கம்பெனி காம் தே கார்சான்ல. உடம்புல எங்கெங்கயோ பஞ்சு உருண்டைய வச்சு, முதுகுல ஒரு புடைப்பு, இடுப்புல ஒரு புடைப்புன்னு கட்டம் போட்ட துணிய மேல இழுத்து தைச்சிருப்பாங்க. மொத தடவ பாத்தப்ப எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் அப்பாகிட்ட காட்டினேன், அவரு சிரிக்கவே இல்ல. எங்க கடைக்கு முதுகு வளைஞ்ச ஒரு தாத்தா வருவாரு, அவருக்கு சட்டை தைக்க அப்பா பின்பக்கம் ரெண்டு இஞ்ச் கூட விட்டு முன்பக்கம் குறைச்சு வெட்டுவாரு, அப்ப தான் சட்டை முன்னாடி தொங்காம நிக்கும். "எல்லா உடம்பும் நேரா இருக்காது பாப்பா, நேரா இருக்குற மாதிரி காட்டுறது தான் எங்க வேலை, இந்தம்மா அத ஒத்துக்க மாட்டேங்குறாங்க போல"ன்னாரு. நான் அந்த கலெக்‌ஷன பத்தி எங்கெங்கயோ தேடித் தேடி படிச்சிருக்கேன், இதவிட சரியா யாரும் எனக்கு சொன்னதில்ல.

லண்டன் டிசைனர் அலெக்சாண்டர் மெக்வீனோட 1998 செப்டம்பர் ஷோவும் அப்படி தான். கடைசில ஷலோம் ஹார்லோன்னு ஒரு மாடல் வெள்ளை கவுன்ல சுத்துற மேடையில நிக்கிறாங்க, ரெண்டு பக்கமும் ரெண்டு ரோபோ, திடீர்னு அதுங்க கருப்பும் மஞ்சளும் பெயின்ட்ட அவங்க மேல பீச்சி அடிக்குது. அந்த கவுன யாரும் கல்யாணத்துக்கு போட போறதில்ல. ஆனா மெக்வீன் பதினாறு வயசுல லண்டன் சாவில் ரோவுல கோட்டு தைக்கிற கடையில வேலைக்கு சேந்தவரு, பெயின்ட்டு தெறிக்கறதுக்கு முன்னாடி அந்த வெள்ளை துணி எப்படி விரிஞ்சு நிக்குதுன்னு பாருங்க, அது வேலை தெரிஞ்ச கை.

இத நான் ரொம்ப கவனிச்சிருக்கேன், நான் விரும்புற டிசைனர்ல பாதி பேரு தையல் கடையிலேந்து வந்தவங்க. யோஜி யமமோட்டோவோட அம்மா டோக்கியோவுல துணி தைச்சு தான் அவர வளத்தாங்க. ட்ரீஸ் வான் நோட்டனோட தாத்தா டைலர், அப்பா துணிக்கடை வச்சிருந்தவரு. ட்ரீஸ் 2024 ஜூன்ல கடைசி ஷோ பண்ணிட்டு ஒதுங்கிட்டாரு, தரை முழுக்க வெள்ளித் தகடு போட்டு, நடக்குறப்ப அது பறந்து பறந்து கால்ல ஒட்டுது, அத பாத்து நான் அழுதுட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல அவரோட எம்பிராய்டரி வேலை நம்ம கொல்கத்தா பக்கத்து ஆளுங்க கையால நடந்திருக்கு, ஒவ்வொரு சீசனும் அவங்களுக்கு வேலை இருக்கணும்னே ஒவ்வொரு கலெக்‌ஷன்லயும் எம்பிராய்டரி வைப்பேன்னு சொன்ன மனுசன். கலர் சேக்குறதுல எனக்கு குரு அவரு தான். பாசிப்பச்சைக்கு பக்கத்துல மங்கின ரோஸ், அதுக்கு மேல கடுகு மஞ்சள், மூணும் சண்ட போடும்னு நெனப்போம், போடாது.

இவ்வளவு பாத்தும் நான் என்ன போட்டேன்னு சொல்லணும். காலேஜ் ரெண்டாவது வருஷம் ஆன்லைன்ல ஒரு பிளேசர் வாங்கினேன், பாரிஸ் ஷோ ஒண்ணுல வந்த சோல்டர் பெருசா இருக்குற கோட்டோட காப்பி, முழுக்க பாலியஸ்டர். சித்திரை மாசத்துல ஆடுதுறையிலேந்து கும்பகோணத்துக்கு நின்னுக்கிட்டே போற பஸ்ஸுல அத போட்டுக்கிட்டு போனேன். கும்பகோணம் வர்றதுக்குள்ள உள்ள போட்டிருந்த டாப் நனைஞ்சு ஒட்டிக்கிச்சு, லைனிங் சாயம் கையிடுக்குல எறங்கிடுச்சு. அதுக்கப்புறம் ஒரு கல்யாணத்துல ஒரு அத்தை எல்லார் முன்னாடியும், "டைலர் பொண்ணு, ரெடிமேட் போட்டுக்கிட்டு வந்திருக்கு"ன்னாங்க. அப்பா பக்கத்துல தான் நின்னுட்டு இருந்தாரு. அவரு ஒண்ணும் சொல்லல, எனக்கு தான் இன்னும் மனசுல கெடக்கு அது.

அப்ப ஒண்ணு முடிவு பண்ணேன். ஷோவ பாக்குற கண்ணால என்னையே பாக்குறதுன்னு. ஞாயித்துக்கிழமை கடை மூடினப்புறம் கடையில இருக்குற ஆளுயர கண்ணாடி முன்னாடி நின்னு முன்பக்கம், சைடு, முதுகு மூணு போட்டோ, அப்புறம் நடந்து ஒரு வீடியோ, அத வச்சு அதே நோட்டுல என்னோட டிரெஸ்ஸுக்கு ரிவ்யூ. எங்க இழுக்குது, எங்க தொங்குது, எத நான் அடிக்கடி கையால சரி பண்ணிக்கிறேன். அந்த கடைசி கேள்வி தான் நெறைய சொல்லிக் குடுத்துச்சு. துப்பட்டாவ நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் இழுத்து விடுறேன், அப்ப அது எனக்கானது இல்ல. டைட் குர்த்தி உக்காந்தா மேல ஏறுது. எனக்கு உயரம் அஞ்சு அடி ஒரு இஞ்ச், ரெண்டு தோளும் சரிவு, அப்பாவோட அளவு நோட்டுல என் பேருக்கு பக்கத்துலயே "சோல்டர் சரிவு"ன்னு எழுதியிருக்கும், சின்ன வயசுலேந்து பாத்திருக்கேன், அதுக்கு அர்த்தம் என்னன்னு யோசிச்சதே இல்ல. சரிவு தோளுக்கு பேட் வச்சு தூக்குறது ஒரு வழி. தோளையே கீழ எறக்கி தைச்சு துணிய சும்மா விழ விடுறது இன்னொரு வழி. யமமோட்டோ பண்றது ரெண்டாவது. அது எனக்கு பொருந்துச்சு.

இதுல கிராஸ் கட்டிங் பத்தி சொல்லியே ஆகணும். மதலென் வியோனேன்னு பாரிஸ்ல ஒருத்தங்க, 1876ல பொறந்தவங்க, 1920கள்ல துணிய நேரா வெட்டாம குறுக்கா திருப்பி வெட்டி, டாட்டும் பிடிக்காம ஹூக்கும் வைக்காம உடம்போட வழியற மாதிரி கவுன் பண்ணாங்க. சின்ன மரப்பொம்மை ஒண்ணு வச்சுக்கிட்டு அது மேல துணிய சுத்தி சுத்தி பாத்து தான் டிசைன் பண்ணுவாங்களாம். இத பெரிய கண்டுபிடிப்பா நான் அப்பாகிட்ட சொன்னப்ப அவரு, "கிராஸ் கட் ப்ளவுஸ் தானே"ன்னாரு. ஆமா, அதே தான். நம்ம ஊர்ல எந்த லேடீஸ் டைலர்கிட்ட போனாலும் "கிராஸ் கட்டா, நேர் கட்டா"ன்னு கேக்குறாங்களே, அது தான். இழை குறுக்கா வந்தா துணி ரப்பர் மாதிரி கொஞ்சம் குடுக்கும், நெஞ்சுல சரியா உக்காரும். எங்க அம்மா கல்யாணத்துலேந்து போடறது கிராஸ் கட் ப்ளவுஸ் தான். கிராஸ் கட்டுக்கு துணி கூட ஆகும், அதனால கூலியும் கொஞ்சம் கூட, வியோனேவுக்கும் துணி அகலமா ஸ்பெஷலா நெய்ய வேண்டி இருந்துச்சு. அந்த ஒத்துமைய நெனச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

அடுத்தது மடிப்பு. இஸ்ஸே மியாகேவ எனக்கு ரொம்ப பிடிக்கும், ஹிரோஷிமாவுல 1938ல பொறந்தவரு, 2022 ஆகஸ்ட்ல இறந்துட்டாரு. ப்ளீட்ஸ் ப்ளீஸ்னு அவரு 1993ல கொண்டு வந்த வரிசை இருக்கே, அதுல துணிய முதல்ல மடிச்சு அப்புறம் தைக்கிறதில்ல. தலைகீழ். உடம்பு அளவப்போல ரெண்டரை மூணு மடங்கு பெருசா சட்டைய தைச்சுட்டு, காகிதத்துக்கு நடுவுல வச்சு சூடான பிரஸ்ல குடுத்து எடுப்பாங்க, மடிப்பு நெரந்தரமா நிக்கும், தொவைச்சாலும் போகாது, சுருட்டி பையில போட்டாலும் கசங்காது. பாலியஸ்டர் தான், ஆனா எந்த வேலைக்கு எந்த துணின்னு தெரிஞ்சு எடுத்த பாலியஸ்டர், நான் வாங்கின பிளேசர் மாதிரி இல்ல.

போன வருஷம் அத்தை பொண்ணுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க திருபுவனம் போனோம். நான் தினமும் வேலைக்கு போற பஸ் அந்த ஊர் வழியா தான் போவுது, கம்பகரேஸ்வரர் கோயில் கோபுரத்த தினம் பாக்குறேன், ஆனா கடைக்குள்ள போய் உக்காந்தது அன்னிக்கு தான். கடைக்காரரு ஒரு அரக்கு கலர் புடவைய எடுத்தாரு, அது சதுரமா மடிச்சிருக்கல. அங்கவஸ்திரம் மடிக்கிற மாதிரி, விசிறி விசிறியா, ஒல்லியா நீளமா. ஒரு முனைய பிடிச்சு அவரு உதறினாரு பாருங்க, மடிப்பு ஒண்ணு ஒண்ணா அவுந்து மடியில வந்து விழுந்துச்சு, அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. விசிறி மடிப்புன்னு அதுக்கு பேரு, திருபுவனம் பட்டுக்கே உள்ள அடையாளம், 2019ல புவிசார் குறியீடு வாங்கின புடவை. மியாகே மடிப்பு மெஷின்ல வெந்து நிக்கிற மடிப்பு, இது கையால மடிச்சு, பிரிச்சா போயிடுற மடிப்பு. ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்ல வரல. நான் ஜப்பான்காரர்கிட்டேந்து மடிப்ப பாக்க கத்துக்கிட்டு வந்து தான் எட்டு கிலோமீட்டருக்குள்ள இருக்குறத பாத்தேன், அவ்வளவு தான் சொல்றேன். அத்தை "எந்த கலரும்மா நல்லாருக்கு"ன்னு கேக்குறாங்க, நான் கடைக்காரர்கிட்ட "இன்னொரு தடவ மடிச்சுக் காட்டுங்க அண்ணே"ன்னு கேட்டுட்டு இருக்கேன்.

தஞ்சாவூர் அரண்மனையில இருக்குற கலைக்கூடத்துக்கு ஸ்கூல்ல கூட்டிட்டு போனப்ப ஓடி ஓடி பாத்துட்டு வந்தேன், ரெண்டு வருஷம் முன்னாடி தனியா போனேன். திருவெண்காட்டுல கெடைச்ச ரிஷபவாகன தேவர் அங்க இருக்காரு, 1011ஆம் வருஷத்து செப்பு சிலை. பக்கத்துல இருந்த காளை இப்ப இல்ல. அது மேல சாய்ஞ்சிருந்த கை மட்டும் காத்துல அப்படியே இருக்கு, ஒரு காலு மேல பாரம், இன்னொரு காலு சும்மா குறுக்க, பாம்பும் சடையுமா தலைய சுத்தி தலைப்பாகை மாதிரி கட்டியிருக்காரு. உடம்புல துணி ரொம்ப கம்மி. ஆனா அத்தனையும் எடம் பாத்து வச்சது, தலையில கனம், இடுப்புல ஒரு இறுக்கம், நடுவுல ஒண்ணுமில்ல. நான் நோட்டுல அத ஒரு லுக் மாதிரியே எழுதினேன். ஒரே எடத்துல கனத்த வச்சுட்டு மத்த எடத்த சும்மா விடணும்னு நான் கத்துக்கிட்டது அங்க தான், அன்னிக்கு அப்புறம் கழுத்துல காதுல கையில எல்லாத்துலயும் போட்டுக்கிறத விட்டேன், காதுல மட்டும் அம்மாவோட பழைய பெரிய ஜிமிக்கி.

2025 ஜூன்ல நம்ம பக்கம் எல்லாரும் ஷோ பத்தி பேசுனாங்க, எனக்கு அது அதிசயமா இருந்துச்சு. மிலான்ல பிராடாங்குற இத்தாலி ஃபேஷன் கம்பெனியோட ஆண்கள் ஷோவுல கோலாப்பூர் செருப்பு மாதிரியே ஒரு செருப்பு வந்துச்சு, கோலாப்பூர்னு ஒரு வார்த்த இல்லாம. இங்க பெரிய சத்தம் கெளம்பி, அப்புறம் அந்த கம்பெனி அது கோலாப்பூர் கைவினைலேந்து வந்தது தான்னு ஒத்துக்கிச்சு. அந்த பிராடா ஷோ நடந்து ரெண்டு நாள் கழிச்சு பாரிஸ்ல பாம்பிடு சென்டர்ங்குற கலைக்கூடம் முன்னாடி லூயி வுய்ட்டான் கம்பெனியோட ஷோ, பாடகர் ஃபேரல் வில்லியம்ஸ் பண்ணது, தரை முழுக்க பரமபத கட்டம், அத அமைச்சது ஸ்டூடியோ மும்பைங்குற கட்டடக் கலை நிறுவனத்தோட பிஜோய் ஜெயின், ஏ.ஆர்.ரஹ்மான் சேர்ந்து பண்ண பாட்டும் இருந்துச்சு. வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி முழிச்சு நாங்க ஆடுற பரமபதம் அங்க தரையா விரிஞ்சு கெடக்கு. துணியா பாத்தா வெயில்ல மங்கின மாதிரி காப்பி, பழுப்பு, மங்கின ஊதா, தொளதொளன்னு பேன்ட், எனக்கு பிடிச்சிருந்துச்சு. செருப்பு விஷயத்துல என் கருத்து ஒண்ணு தான், பேர சொல்லிடணும். நம்ம கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கோடாலி கருப்பூர்னு ஒரு ஊரு, தஞ்சாவூர் மராத்திய அரண்மனைக்குன்னு அங்க ஒரு புடவை பண்ணாங்க, பருத்தியில ஜரிகைய ஊடுருவ விட்டு நெய்து, அது மேல மெழுகு வச்சு கையால வரைஞ்சு சாயம் ஏத்தினது. அரசு போனதும் அத வாங்க ஆள் இல்லாம போயி தொழிலே நின்னுச்சு, மிச்சம் இருக்குறது மியூசியத்துல. அந்த புடவைய பண்ண ஒரு கையோட பேரு கூட நமக்கு தெரியாது. அதனால தான் பேரு மேல எனக்கு இவ்வளவு கோவம் வருது.

இப்ப நான் என்ன போடுறேன்னு கேட்டா, கைத்தறி காட்டன்ல தோள் எறக்கின சட்டை, ரெண்டு பக்கமும் பாக்கெட், காலர் இல்லாம பட்டி மட்டும் வச்சது. கீழ நேர் கட் பேன்ட், கணுக்காலுக்கு மேல ரெண்டு இஞ்ச், ஐப்பசி கார்த்திகை மழையில தெருவுல தண்ணி நிக்கும், நீளமா போட்டா ஓரம் சேறாயிடும். பேன்ட் பாக்கெட்ல முழு கையும் எறங்கணும்னு அப்பாகிட்ட சண்ட போட்டு வாங்கினேன், லேடீஸ் பேன்ட்டுக்கு அவரு நாலு இஞ்ச் தான் விடுவேன்னாரு, இப்ப ஒம்போது இஞ்ச். கலர் நாலே நாலு, வண்டல் மண்ணு நனைஞ்சா வர்ற கலர், பழுத்த நெல்லு, கருநீலம், ஒரு அரக்கு. பாதி துணி கடையில மிச்சமாகுற கட் பீஸ், சூட்டிங் துண்டு ரெண்ட சேத்து ஒரு சட்டை கூட இருக்கு, சேக்குற எடத்த மறைக்காம வெளிய தெரியற மாதிரி தைக்க சொன்னேன், அப்பா மொதல்ல ஒத்துக்கவே இல்ல, பாக்குறவங்க தப்பா நெனப்பாங்கன்னாரு. கும்பகோணத்துல நான் வேல பாக்குற ஆபீஸ்ல ரெண்டு பேரு அத பாத்துட்டு அதே மாதிரி வேணும்னு கடைக்கு வந்தப்ப தான் சமாதானம் ஆனாரு. இப்பவும் ஷோ பாத்துட்டு ஆச வரும், வாங்கிடலாம்னு கை துடிக்கும். ஒரு மாசம் நோட்டுல எழுதி வைப்பேன். மாசம் கழிச்சும் அந்த சட்டையோட முதுகு எனக்கு ஞாபகம் இருந்தா தான் அப்பாகிட்ட பேசுவேன்.

ஆவணில அத்தை பொண்ணு கல்யாணம் நடந்துச்சு. அப்பாயிகிட்ட கூறைநாட்டு புடவை ஒண்ணு இருக்கு, மயிலாடுதுறையில வாங்கினது, பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டது, அதோட கல்யாணத்துக்கு எடுத்தது. அத நான் கட்டிக்கட்டான்னு கேட்டேன். வெட்டி தைச்சுடுவேனோன்னு அதுக்கு பயம், வெட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேன். பின்கொசுவம் வச்சு கட்டி விடச் சொன்னேன். அப்பாயி வயசுல இருந்தப்ப நடவுக்கு போறப்ப அப்படி தான் கட்டுமாம், கொசுவம் முன்னாடி இருந்தா குனிஞ்சா சேத்துல விழும், பின்னாடி வச்சா காலு அகட்டி நிக்கலாம், வேகமா நடக்கலாம். மேல அப்பா தைச்ச கருநீல சட்டை. கட்டி முடிச்சு நடந்து காட்டினேன், முதுகுப் பக்கம் கொசுவம் ஒவ்வொரு அடிக்கும் விசிறி மாதிரி விரிஞ்சு விரிஞ்சு மூடுது, அம்மா வீடியோ எடுத்தாங்க, அத நான் எத்தன தடவ பாத்தேன்னு கணக்கே இல்ல. அப்பாயி மட்டும் திருப்தி ஆகல. "நில்லு ஆயி"ன்னு இழுத்து நிறுத்தி, அவுத்து, மறுபடி விரல விட்டு எண்ணி எண்ணி மடிச்சுது. "ரெண்டு மடிப்பு கூட வச்சா தான் எட்டி அடி எடுத்து வைக்க வரும்"னுச்சு. வந்துச்சு.

கல்யாண மண்டபத்துல, அன்னிக்கு ரெடிமேட்னு சொன்ன அதே அத்தை வந்து சட்டைய தொட்டுப் பாத்துட்டு, "அண்ணன் தைச்சதா?"ன்னு கேட்டாங்க. ஆமாம்னேன்.

அந்த வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாத்து ஒரு பேன்ட் வரைஞ்சிருக்கேன், முன்பக்கம் தட்டையா, பின்பக்கம் இடுப்புப் பட்டிக்கு கீழ ஒன்பது மடிப்பு, பாதி தொடை வரைக்கும் தைச்சு அப்புறம் அவுத்து விடுற மாதிரி. அப்பா ரெண்டு நாளா படத்த திருப்பி திருப்பி பாத்துட்டு, உக்காந்தா மடிப்பு நசுங்குமே, காட்டன் தாங்குமான்னு யோசிச்சாரு. நேத்து ராத்திரி ரெண்டரை மீட்டர் கைத்தறித் துணிய எடுத்து பக்கெட்ல நனைச்சு வச்சுட்டாரு, சுருங்குறது இப்பவே சுருங்கட்டும்னு. காலைல பாத்தேன், கொல்லையில கொடியில காயுது. ஞாயித்துக்கிழமை கட்டிங்.